சாக்லேட்டை விட முடியவில்லை, நான் அடிமையாகிவிட்டேனா?

வாசகி கேள்வி:

எனக்கு வயது 38. கரூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். மதியச் சாப்பாடு பாதி நாள் இரண்டு வாய் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வதோடு சரி. சில நாள் டப்பா திறக்காமலே வீடு திரும்பும். மாலை ஐந்து மணி ஆகிவிட்டால் சாக்லேட் தின்னாமல் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை. வாங்கியதைப் பீரோவில் புடவை மடிப்புக்குள் வைத்திருப்பேன். அதைக் கண்டுபிடித்த என் கணவர், "குடிகாரன் பாட்டிலை ஒளிப்பது போல ஒளிக்கிறாயே" என்றார். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இன்னும் மோசம். ஆடி முதல் வெள்ளியன்று காபி, சாக்லேட் இரண்டையும் விட்டுவிடுவதாக அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். இரண்டாம் நாள் தலை வெடிப்பது போல வலித்தது. அந்த வாரமே வேண்டுதல் முறிந்து, ஒரு பெரிய கட்டியை முழுதாகத் தின்று தீர்த்தேன். சாக்லேட்டில் கஞ்சா போன்ற பொருள் இருப்பதாக வாட்ஸ்அப்பில் வந்தது. தோழியோ மக்னீசியம் குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறாள். நான் அடிமையாகிவிட்டேனா? என் 10 வயது மகளுக்கும் இது வராமல் இருக்க, வீட்டுக்குள் சாக்லேட்டே வரக்கூடாது என்று சொல்லிவிடலாமா?

மனநல மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு சொல் உங்களை எவ்வளவு தைத்திருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில், அந்த ஒப்பீட்டை நான் வேடிக்கைப் பேச்சாகத் தள்ளிவிடவில்லை. ஒருவர் மதுவுக்கு அடிமையாகிவிட்டார் என்று முடிவு செய்யும் முன் நாங்கள் சிலவற்றைக் கேட்டு அறிகிறோம். முன்பு ஒரு குவார்ட்டர் போதுமாக இருந்தவருக்கு இப்போது அரை பாட்டில் தேவைப்படுகிறதா; காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதா, வியர்த்துக் கொட்டுகிறதா, வலிப்போ மனக்குழப்பமோ வந்ததுண்டா; வேலை போன பிறகும், கல்லீரல் கெட்டுவிட்டது என்று மருத்துவர் எச்சரித்த பிறகும் குடி தொடர்கிறதா; பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, உடல்நலம் எல்லாம் பின்னுக்குப் போய்விட்டனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இவற்றோடு உங்கள் நிலையை வைத்துப் பார்த்தால் ஒத்துப்போவன இரண்டுதான்: ஒளித்து வைக்கிறீர்கள், விட நினைத்து விட முடியாமல் போயிருக்கிறது. ஒளித்து வைப்பது வெட்கத்தின் அடையாளமே தவிர நோயின் அடையாளம் அன்று. விட முடியாமல் போனதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. உங்கள் கடிதத்திலேயே அவை இருக்கின்றன.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பகுப்புக் கையேட்டிலோ, உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலிலோ சாக்லேட் அடிமைத்தனம் என்றோ உணவு அடிமைத்தனம் என்றோ ஒரு நோய் இல்லை. அதனால் அந்த விவாதமே முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். யேல் பல்கலைக்கழகத்தில் ஆஷ்லி கியர்ஹார்ட் குழுவினர், போதைப் பழக்கத்தை அளக்கும் அதே கேள்விகளை உணவுக்குப் பொருத்தி 2009-இல் ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினார்கள். எந்தெந்த உணவில் உங்களுக்குக் கட்டுப்பாடு தவறுகிறது என்று கியர்ஹார்ட்டும் வேறு சில ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் கேட்டபோது, பீட்சா, ஐஸ்கிரீம், உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவற்றுடன் சாக்லேட்டும் முன்வரிசையில் வந்து நின்றது. இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது ஒன்று கவனத்துக்கு வருகிறது. பீட்சாவிலும் வறுவலிலும் கொக்கோ கிடையாது. இவற்றுக்கெல்லாம் பொதுவாக இருப்பவை கொழுப்பும், சர்க்கரையோ மாவுச்சத்தோ மிகுந்த கலவையும்தான். எனவே சாக்லேட்டுக்குள் தனியாக ஒரு போதைப்பொருள் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

இனி அந்த வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். அதில் சொல்லப்பட்டது முழுப் பொய் அன்று. அளவை மறைத்துச் சொன்ன உண்மை, அவ்வளவுதான். கஞ்சாவின் வேதிப்பொருள் மூளையில் எந்த வாங்கிகளில் (வேதிப்பொருள்கள் வந்து பொருந்தும் இடங்களில்) போய் ஒட்டிக்கொள்கிறதோ, அதே வாங்கிகளில் ஒட்டும் ஆனந்தமைடு என்ற பொருளை நம் மூளை தானே சுரக்கிறது. அந்தப் பொருளும் அதன் உறவுப் பொருள்கள் சிலவும் கொக்கோவில் இருப்பதாக 1996-இல் டேனியல் பியோமெல்லி குழுவினர் கண்டறிந்தார்கள். செய்தித்தாள்கள் அதைக் கஞ்சாவோடு முடிச்சுப்போட்டுப் பெரிதாக்கின. உண்மையில் அதன் அளவு மிக மிக நுண்ணியது. வாய்வழியாகப் போவதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடும். அதை வைத்து மயக்கம் வர வேண்டுமானால் கிலோக் கணக்கில் தின்றாக வேண்டும், அதற்கு வெகு முன்பே வயிறு கைவிரித்துவிடும். 'காதல் வேதிப்பொருள்' என்று விளம்பரப்படுத்தப்படும் பினைல்எத்தில்அமைனின் கதையும் இதுவே. பழுக்கவைத்த பாலாடைக்கட்டியில் அது இதைவிட அதிகமாக இருக்கிறது; யாரும் பாலாடைக்கட்டியைப் பீரோவில் ஒளித்து வைப்பதில்லை.

எஞ்சியிருப்பவை காஃபீனும் தியோபுரோமினும். இவை இரண்டும் உண்மையாகவே நரம்பைத் தூண்டக்கூடியவை. ஆனால் 40 கிராம் பால் சாக்லேட்டில் காஃபீன் 10 மில்லிகிராம் கூடத் தேறாது. ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் அதைப்போல ஏழெட்டு மடங்காவது இருக்கும். தியோபுரோமின் அளவில் கூடுதலாக இருந்தாலும் மனிதர்களின் மூளையைத் தூண்டும் ஆற்றலில் காஃபீனைவிடப் பலவீனமானது. (நாய்களால் அதை எளிதில் சிதைக்க முடியாது, ஆகவே அவற்றுக்கு அது நஞ்சாகிறது, வீட்டில் நாய் இருந்தால் ஒரு துண்டுகூடப் போடாதீர்கள்.) இந்தப் பொருள்களைத்தான் உடல் தேடுகிறது என்றால், அவை மிகுதியாக உள்ள கசப்புச் சாக்லேட்டையோ கொக்கோத் தூளையோ அல்லவா நீங்கள் தேடிப் போக வேண்டும்? அப்படி நடப்பதில்லை. பெரும்பாலோர் ஏங்குவது, கொக்கோ குறைவாகவும் பாலும் சர்க்கரையும் நிறைவாகவும் உள்ள பால் சாக்லேட்டுக்குத்தான்.

இதை நேராகவே சோதித்துப் பார்த்தவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிச்செனரும் பால் ரோசினும். 1994-இல் வெளிவந்த அந்த ஆய்வு எளிமையானது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. சாக்லேட் மீது தீராத ஆசை கொண்டவர்களிடம் மூடிய பெட்டிகள் சிலவற்றைக் கொடுத்து, ஆசை எழும்போது ஒன்றைத் திறந்து அதில் இருப்பதை உண்டுவிட்டு, ஆசை எவ்வளவு தணிந்தது என்று குறிக்கச் சொன்னார்கள். ஒரு பெட்டியில் பால் சாக்லேட். இன்னொன்றில் வெள்ளைச் சாக்லேட். அதில் கொக்கோ வெண்ணெய், பால், சர்க்கரை எல்லாம் உண்டு, ஆனால் கொக்கோவின் தூண்டல் பொருள்கள் ஏறக்குறைய இல்லை. வேறொன்றில் கொக்கோத் தூள் அடைத்த கேப்ஸ்யூல்கள். தூண்டல் பொருள்கள் அத்தனையும் அதில் உண்டு, நாக்குக்கு மட்டும் எதுவும் தெரியாது. மற்றொன்றில் வெற்று மாவு கேப்ஸ்யூல்கள். பால் சாக்லேட் ஆசையை நன்றாகத் தணித்தது. வெள்ளைச் சாக்லேட் ஓரளவு தணித்தது. கொக்கோ கேப்ஸ்யூல், வெற்று கேப்ஸ்யூலைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. வெள்ளைச் சாக்லேட்டோடு கொக்கோ கேப்ஸ்யூலையும் சேர்த்து விழுங்கியவர்களுக்கும் கூடுதலான நிறைவு கிடைக்கவில்லை. வேதிப்பொருள் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தும் ஆசை அடங்காமல் நின்றது. அதை அடக்கியவை வாயும் மூக்கும் அறிந்த சுவை, மணம், வழவழப்பு ஆகியவைதான். ஒரு குடிநோயாளிக்கு மதுவைக் குழாய் வழியே வயிற்றில் இறக்கினாலும் அவருடைய நடுக்கம் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அந்தச் சுவையும் வழவழப்பும் சாதாரணமானவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பால் சாக்லேட்டின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. இரண்டும் இந்த அளவில் ஒன்றுசேர்ந்த உணவு இயற்கையில் அரிது. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். நம் வாயின் வெப்பம் 37-ஐ ஒட்டியது. ஆகவே கையில் கட்டியாக இருப்பது நாக்கில் வைத்ததும் பாலாகிவிடுகிறது. (சித்திரை வெயிலில் உங்கள் பீரோவுக்குள் அது என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.) பசியோடு இருந்தவர்களிடம் சிறு தொகையைக் கொடுத்துத் தின்பண்டங்களை ஏலத்தில் எடுக்கச் சொன்ன ஓர் ஆய்வை டானா ஸ்மால் குழுவினர் 2018-இல் வெளியிட்டார்கள். ஒரே அளவு கலோரி உள்ள பண்டங்களானாலும், கொழுப்பு மட்டும் உள்ளவற்றையும் மாவுச்சத்து மட்டும் உள்ளவற்றையும்விட இரண்டும் சேர்ந்தவற்றுக்கே அவர்கள் கூடுதல் விலை கேட்டார்கள். மூளையின் வெகுமதிப் பகுதிகளும் அவற்றுக்கே அதிகமாகக் கிளர்ந்தன. கொக்கோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதரிடம் இருக்கிறது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் அதைக் கசப்பாக, மிளகாய் சேர்த்துக் குடித்தார்கள். கட்டியாகத் தின்னும் சாக்லேட் 1847-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலிலும், பால் சாக்லேட் 1875-இல் சுவிட்சர்லாந்திலும் பிறந்தவை. இடைப்பட்ட காலத்தில் மாறியது கொக்கோ அன்று, அதனோடு சேர்க்கப்பட்டவை.

ஆனால் சுவையானது என்பதால் மட்டும் ஒரு பொருள் ஐந்து மணிக்கு வந்து கதவைத் தட்டாது. உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவனித்த வரி பீரோவைப் பற்றியதோ தலைவலியைப் பற்றியதோ அன்று. திறக்கப்படாமல் வீடு திரும்பும் சாப்பாட்டு டப்பாவைப் பற்றியதுதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், மூளையில் 'பிடித்தல்' ஒரு வழியாகவும் 'வேண்டும் என்ற உந்துதல்' வேறொரு வழியாகவும் இயங்குவதைப் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். டோப்பமின் என்ற மூளை வேதிப்பொருள் பெரிதும் இரண்டாவதைச் சார்ந்தது. வெகுமதி இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் வரும் என்று மூளை கற்றுக்கொண்டுவிட்டால், அந்த நேரமும் இடமுமே உந்துதலைக் கிளப்பப் போதும். மதியம் முழுவதும் வெறும் வயிறு, ஐந்து மணி, மேசை இழுப்பறை, உறை கிழியும் சத்தம், உடனே சர்க்கரையும் கொழுப்பும்: இதை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்யும்போது, பசி என்றாலே சாக்லேட் என்று உடல் பாடம் படித்துவிடுகிறது. ஐந்து மணிக்கு உங்களுக்கு வருவது பெரும்பாலும் பசிதான். அது சாக்லேட் வேடத்தில் வருகிறது.

இதற்கு நல்ல சான்று இருக்கிறது. கிப்சன், டெஸ்மண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் இரண்டு வாரம் பசித்த வேளையில் மட்டும் சாக்லேட் உண்டார்கள். இன்னொரு குழுவினர் சாப்பாடு முடிந்த சிறிது நேரத்தில், வயிறு நிறைந்திருக்கும்போது மட்டும் உண்டார்கள். பசியில் உண்டவர்களின் ஏக்கம் கூடியது, நிறைந்த வயிற்றோடு உண்டவர்களின் ஏக்கம் குறைந்தது. தின்ற பொருள் இருவருக்கும் ஒன்றே. எலிகளிலும் இதே போக்கைப் பார்க்கலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பார்ட் ஹோபல், நிகோல் அவெனா ஆகியோர் எலிகளுக்குத் தினமும் பல மணி நேரம் உணவை நிறுத்திவைத்துப் பிறகு சர்க்கரை நீரைக் கொடுத்தபோது, அவை வெறிகொண்டாற்போல் குடித்தன, போதைக்கு ஒத்த நடத்தைகளைக் காட்டின; நாள் முழுவதும் சர்க்கரை நீர் கிடைத்த எலிகளிடம் அது காணப்படவில்லை. 'சர்க்கரை ஹெராயினைப் போன்றது' என்று இந்த எலிகளைக் காட்டியே பலர் பேசுகிறார்கள். பட்டினியும் தடையும் அந்தச் சோதனையில் பாதி என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து உங்கள் வேண்டுதல். அம்மன் மீதுள்ள நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. விரதம் பலருக்கு நல்ல ஒழுங்கைத் தருகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு தடைகள் சேர்ந்து வந்துவிட்டன. காபியையும் ஒரே நாளில் நிறுத்தினீர்கள். நாள்தோறும் காபி குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒரு வாரம் வரை நீடிக்கும். சோர்வும் எரிச்சலும் கூடவே வரும். காஃபீன் நிறுத்தத்தால் வரும் இந்த நிலையை மேலே சொன்ன கையேடு முறையாக ஏற்றிருக்கிறது. உங்கள் தலையை வெடிக்க வைத்தது சாக்லேட் இல்லாமை அன்று, காபி இல்லாமை. காபியைக் குறைக்க விரும்பினால் ஒரு வாரத்துக்கு அரை டம்ளர் என்ற கணக்கில் குறையுங்கள். இப்போதைக்கு அதைத் தொடாமல் விட்டுவைப்பதே நல்லது.

முழுத் தடை வேறொரு வகையிலும் எதிராக வேலை செய்கிறது. சாக்லேட்டைப் பற்றி நினைக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்கள், பிறகு தின்னக் கொடுத்தபோது மற்றவர்களைவிட அதிகமாகத் தின்றதாக லண்டனில் ஜேம்ஸ் எர்ஸ்கின் 2008-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்தப் போக்கு பெண்களிடம் தெளிவாகத் தெரிந்தது. 'சுவையானது, ஆனால் கூடாதது' என்ற இரட்டை மனம்தான் ஒரு சாதாரண விருப்பத்தை ஏக்கம் என்றும் அடிமைத்தனம் என்றும் உணர வைக்கிறது என்பது பிரிஸ்டலைச் சேர்ந்த பீட்டர் ரோஜர்ஸின் கருத்து. என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது. இரவு தயிர்ச்சாதம் இல்லாமல் தூக்கம் வராதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களை யாரும் தயிருக்கு அடிமை என்று சொல்வதில்லை, அவர்களும் தயிரை ஒளித்து வைப்பதில்லை. நீங்கள் ஒரு பெரிய கட்டியை முழுதாகத் தின்றது சில நாள் தடைக்குப் பிறகு; அதற்கு முன் நாள்தோறும் தின்ற காலத்தில் அப்படி நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த நாள்களில் பசி சற்றுக் கூடுவதும், மனம் தளர்வதும் பல பெண்களுக்கு உண்மையே. ஆனால் அந்தப் பசி சாக்லேட்டைத்தான் கேட்க வேண்டும் என்று ஹார்மோன்கள் எழுதிவைக்கவில்லை. சாக்லேட்டுக்கு ஏங்கும் அமெரிக்கப் பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த ஏக்கத்தை மாதவிலக்கோடு சேர்த்துச் சொல்கிறார்கள். ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. எகிப்தில் சாக்லேட்டுக்கு ஏங்குவதாகச் சொல்பவர்களே மிகச் சிலர், அங்கு ஏக்கம் கார, உப்பு உணவுகளின் பக்கம் சாய்கிறது. மாதவிடாய் நின்ற பிறகும் சாக்லேட் ஏக்கம் சிறிதளவே குறைகிறது என்று ஜூலியா ஹோர்ம்ஸும் ரோசினும் கண்டிருக்கிறார்கள். ஹார்மோன்தான் முழுக் காரணம் என்றால் அது பெரும் அளவில் விழுந்திருக்க வேண்டும். அந்த நாள்களில் இனிப்புத் தின்றால் தவறில்லை என்று ஒரு சமூகம் பெண்களுக்கு அனுமதி தரும்போது, அனுமதியே ஆசையாகிவிடுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் மாதந்தோறும் அந்த வாரத்தில் அழுகையும் கோபமும் வேலையையும் குடும்பத்தையும் பாதிக்கும் அளவுக்கு வருமானால் அது தனியாகச் சிகிச்சை பெற வேண்டிய நிலை. அதற்குச் சாக்லேட் காரணமும் அன்று, மருந்தும் அன்று.

உங்கள் தோழி கொடுத்த மாத்திரையை எடுத்து வைத்துவிடுங்கள். 100 கிராம் பால் சாக்லேட்டில் மக்னீசியம் சுமார் 60 மில்லிகிராம். அதே அளவு எள்ளில் 350-ஐ ஒட்டி, நிலக்கடலையில் 160-க்கு மேல். உடல் மக்னீசியத்தைத் தேடுகிறது என்றால் உங்களுக்கு எள்ளுருண்டை மீதல்லவா வெறி வர வேண்டும்? தேவையின்றி மக்னீசியம் மாத்திரை விழுங்கினால் வயிற்றுப்போக்கு வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. சத்துக் குறைவால் வரும் உண்மையான வேட்கை வேறு மாதிரி இருக்கும். இரும்புச்சத்து குறைந்த பெண்கள் பச்சரிசியை மெல்வார்கள், சாக்பீஸ், மண், ஐஸ்கட்டி என்று தேடுவார்கள். அப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது என்ன என்றால், முதலில் டப்பாவைத் திறந்து சாப்பிடுங்கள். இதைச் சிறு ஆலோசனையாக எண்ணிவிட வேண்டாம். இந்தப் பதிலில் நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். ஒரு மணியோ ஒன்றரை மணியோ, நேரத்தை முடிவு செய்துகொண்டு கணினியை விட்டு எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். நான்கரை மணிக்கு, அதாவது ஆசை வருவதற்குச் சற்று முன், ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ உள்ளே போகட்டும். சாக்லேட்டை விட வேண்டாம். அதன் நேரத்தை மட்டும் மாற்றுங்கள்: மதியச் சாப்பாடு முடிந்த கால் மணி நேரத்துக்குள் இரண்டு அல்லது மூன்று கட்டங்கள், உட்கார்ந்து, மெதுவாக. வெறும் வயிற்றில் கூடாது என்பதே ஒரே விதி. பெரிய கட்டியை வாங்காமல் சிறிய பொட்டலங்களை வாங்குங்கள், அவற்றைப் பீரோவிலிருந்து எடுத்துச் சமையலறை அலமாரியில், எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் செய்யக்கூடிய பேருதவி, சில வாரங்களுக்கு அதைப் பற்றி எதுவும் பேசாமல் இருப்பது. அளவைப் பொறுத்தவரை, சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், இயன்றால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 40 கிராம் பால் சாக்லேட்டே 20 கிராமை எடுத்துக்கொள்ளும், உங்கள் காபியில் போடும் சர்க்கரையும் இந்தக் கணக்கில்தான் வரும். கசப்புச் சாக்லேட்டுக்கு மாறினால் சர்க்கரை குறையும். பிடிக்காவிட்டால் கஷ்டப்பட்டுத் தின்ன வேண்டாம்.

இந்த மாற்றத்துக்குப் பிறகும் சில வாரங்கள் ஐந்து மணி தன் வேலையைக் காட்டும். அப்போது மனக்கண்ணில் சாக்லேட்டின் படம் எழும்; அதன் நிறமும் மணமும் உருகலும் வரிசையாக வரும். ஏக்கம் வளர்வதே இந்தப் படத்தில் ஏறிக்கொண்டுதான் என்பது பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் விளக்கம். கண்ணுக்கும் கைக்கும் வேறு வேலை கொடுத்தால் அந்தப் படம் மங்கிவிடும். களிமண்ணைப் பிசைந்து உருவம் செய்த சில நிமிடங்களிலேயே சாக்லேட் ஏக்கம் தணிந்ததை அவர்கள் 2012-இல் காட்டினார்கள். அலுவலகத்தில் களிமண்ணுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நடக்கலாம். மூன்று நாள் சாக்லேட் தின்னாமல் இருந்தவர்களை எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 15 நிமிடம் வேகமாக நடக்கச் சொன்னபோது, நடக்கும்போதும் அதன் பிறகு சிறிது நேரமும் ஏக்கம் குறைந்திருந்தது. எவ்வளவு பெரிய ஆசையானாலும் ஏறி, நின்று, தானாக இறங்கும். இறங்கும் வரை வேறு எதிலாவது இருந்தால் போதும்.

இரவுச் சாக்லேட்டைப் பற்றி எனக்கு வேறு ஐயம் இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு, டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுவதிலும் உங்களுக்கென்று கிடைக்கும் ஒரே அரை மணி நேரம் அதுதான் என்று தோன்றுகிறது. அப்படியானால் சாக்லேட் அங்கு இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது, முதலிடத்தில் இருப்பது தனிமை. அந்த அரை மணி நேரத்தை, தூக்கத்தில் கைவைக்காமல், மாலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வீட்டில் வழி உண்டா என்று பாருங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் இனிப்பும் கொழுப்பும் நிறைந்த உணவின் மீது நாட்டம் கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது.

இத்தனையும் செய்து இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சில அறிகுறிகள் இருந்தால் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வாரம் ஒரு முறையாவது, வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் குறுகிய நேரத்தில் பெருமளவு தின்று, பிறகு உங்களையே வெறுக்கும் நிலை மூன்று மாதம் நீடித்தால், அது மிகையுண்ணல் கோளாறாக இருக்கலாம். தின்றதை வாந்தி எடுக்கத் தோன்றினால் உடனே வாருங்கள். இவை சிகிச்சையால் நன்றாகக் குணமாகக்கூடியவை. எதிலும் பிடிப்பில்லாமை, அதிகத் தூக்கம், இனிப்பு மீது மிகுந்த நாட்டம் ஆகியவை சேர்ந்து வந்தால் மனச்சோர்வையும் சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் சர்க்கரை நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் ஒரு முறை செய்துகொள்வது முறை.

உங்கள் மகளுக்காகச் சாக்லேட்டை வீட்டில் தடை செய்யாதீர்கள். அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷரும் லீன் பர்ச்சும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்து எடுக்கவிடாமல் தடுக்கப்பட்ட தின்பண்டத்தைப் பற்றியே குழந்தைகள் அதிகம் பேசினார்கள், அதையே அதிகம் கேட்டார்கள். தடை நீங்கியதும் அதன் பக்கம்தான் போனார்கள். பரிசாகக் கொடுக்கப்படும் உணவின் மீது குழந்தைகளுக்கு விருப்பம் கூடுகிறது என்பதும் பர்ச் முன்பே காட்டிய ஒன்று. ஆகவே கத்தரிக்காயைத் தின்று முடித்தால் சாக்லேட் என்றோ, மதிப்பெண் வாங்கினால் சாக்லேட் என்றோ பேரம் பேச வேண்டாம். வாரத்தில் ஓரிரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்கள் எடுத்துக்கொள்ளும் அதே நேரத்தில், அவளுக்கும் இரண்டு கட்டங்கள் கொடுங்கள். பள்ளியில் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கொடுத்துவிடும் சாக்லேட்டைப் பிடுங்கி மேலே வைக்காமல், அன்றைய பங்காக அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.